ஜீவனாம்ச உத்தரவு கையில் இருக்கிறது, பணம்தான் வரவில்லை

குழந்தைக்கு மாதம் இவ்வளவு என்று குடும்ப நீதிமன்றம் உத்தரவு போட்டுவிட்டால் பணம் வரத் தொடங்கிவிடும் என்றுதான் வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். "கேஸ் முடிஞ்சிடுச்சுல்ல, அப்புறம் என்ன?" என்று என்னிடம் கேட்காத உறவுக்காரர்களே இல்லை. முடியவில்லை. உத்தரவு போட்டதோடு நீதிமன்றத்தின் வேலை ஏறக்குறைய முடிந்துவிடுகிறது, குழந்தையை வைத்திருப்பவரின் வேலை அங்கேதான் ஆரம்பிக்கிறது. இந்த மாதம் பணம் வந்ததா இல்லையா என்று எந்த அலுவலகமும் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. வரவில்லை என்றால் நாம்தான் கணக்கெழுதி, மனுப் போட்டு, சம்மன் போனதா என்று விசாரித்து, வாய்தாவுக்கு வாய்தா அதே வராந்தாவில் போய் நிற்க வேண்டும்.

என் மகளுக்கு உத்தரவு வந்தபோது அவள் இரண்டாம் வகுப்பு. இப்போது ஒன்பதாம் வகுப்பு. இடைப்பட்ட காலத்தில் நான் கற்றுக்கொண்டதை, என்னைப் போலவே உத்தரவை ஃபைலில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் இருக்கிறவர்களுக்காக எழுதுகிறேன். நான் வக்கீல் இல்லை. ஆனால் இந்த விஷயத்தில் சட்டப்பிரிவுகளை எண்ணோடு தெரிந்து வைத்திருக்கும் தாய்மார்கள் இருந்தால்தான் பிள்ளைகளுக்குப் பணம் வருகிறது என்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

முதலில், உங்கள் உத்தரவு எந்தச் சட்டத்தின் கீழ் வந்தது என்று பாருங்கள். பெரும்பாலானவர்களுக்கு அது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-வது பிரிவாக இருக்கும். 2024 ஜூலை 1 முதல் அந்தச் சட்டம் போய் பி.என்.எஸ்.எஸ். (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) என்ற புதுச் சட்டம் வந்துவிட்டது, அதில் இதே விஷயம் 144-வது பிரிவு. எண் மாறியதால் பழைய உத்தரவு செல்லாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், அது அப்படியே செல்லும். விவாகரத்து வழக்கோடு சேர்ந்து இந்து திருமணச் சட்டத்தில் வாங்கியிருந்தால் அது சிவில் உத்தரவு, வசூலிக்கும் வழி வேறு. குடும்ப வன்முறைச் சட்டத்தில் வாங்கியிருந்தால் இன்னொரு வழி. இதைத் தெரிந்துகொள்ளாமல் யாரோ ஒருவர் போட்ட மனுவைப் பார்த்து நாமும் அதே மாதிரி போட்டால், பல மாதம் கழித்து "இது மெயின்டெய்னபிள் இல்லை", அதாவது இந்தச் சட்டத்தில் இந்த மனு நிற்காது என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.

125-ன் கீழ் வந்த உத்தரவுக்கு ஒரு கெடு இருக்கிறது. எல்லாவற்றையும் விட இதைத்தான் நான் சத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். ஒரு மாதப் பணம் எந்தத் தேதியில் கொடுக்கப்பட்டிருக்க வேண்டுமோ, அந்தத் தேதியிலிருந்து ஓராண்டுக்குள் மனுப் போட்டால்தான் அந்தத் தொகையை வசூலிக்க நீதிமன்றத்தின் வாரண்ட் கிடைக்கும். மொத்த நிலுவைக்கும் சேர்த்து ஒரே கெடு என்று இல்லை, ஒவ்வொரு மாதத்துக்கும் தனித்தனியாக ஓடுகிறது. "அடுத்த மாசம் மொத்தமா தர்றேன்" என்று பிள்ளையின் அப்பா சொல்ல, சரி பார்க்கலாம் என்று நாம் காத்திருக்க, பின்னால் ஒவ்வொரு மாதமாக வாரண்ட்டுக்கு வெளியே விழுந்துகொண்டே இருக்கும். எதிர்த்தரப்பு வக்கீலுக்கு இது நன்றாகத் தெரியும். சமாதானப் பேச்சு என்று இழுப்பதில் பாதி இதற்காகத்தான் என்பது என் உறுதியான கருத்து.

கெடு தாண்டிவிட்டால் எல்லாம் போய்விட்டதா? இல்லை. 2013-ல் தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு தாயின் வழக்கில், இந்த ஓராண்டுக் கெடு நிலுவையைப் பெறும் உரிமையையே அழித்துவிடாது, சிவில் முறையில் வசூலிக்கும் வழி திறந்தே இருக்கிறது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆகவே மூன்று வருட நிலுவை இருக்கிறது, இனி ஒன்றும் செய்ய முடியாது என்று யாராவது சொன்னால் ஃபைலை மூடிவிடாதீர்கள். ஆனாலும் சுலபமான வழி, கெடுவுக்குள் போடுவதுதான். நான் இப்போது நிலுவை சில மாதங்களைத் தாண்டினாலே மனுப் போட்டுவிடுகிறேன். சண்டைக்காரி என்ற பெயர் வருகிறது. வரட்டும்.

மனுவுக்கு என்ன வேண்டும் என்று பலர் கேட்கிறார்கள். உத்தரவின் நகல், அதை இலவசமாகத் தர வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. பணம் வர வேண்டிய வங்கிக் கணக்கின் ஸ்டேட்மென்ட். மாதவாரியாக ஒரு கணக்குத் தாள்: எந்த மாதம், வர வேண்டியது எவ்வளவு, வந்தது எவ்வளவு, எந்தத் தேதியில், மீதி எவ்வளவு. உதாரணத்துக்கு மாதம் 8,000 ரூபாய் உத்தரவு, பதினோரு மாதம் வரவில்லை என்றால் 88,000. இடையில் அவர் 10,000 அனுப்பியிருந்தால் அது எந்த மாதத்துக்குக் கழிக்கப்பட்டது என்பதையும் எழுதிவிடுங்கள். பழைய நிலுவைக்கா, நடப்பு மாதத்துக்கா என்று எழுதாமல் விட்டால் அதை வைத்தே நான்கு வாய்தா ஓடும். ரொக்கமாக வாங்கவே வாங்காதீர்கள், வாங்க நேர்ந்தால் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்தாவது வாங்கிக்கொள்ளுங்கள், வாட்ஸ்அப்பில் "இன்று இவ்வளவு கிடைத்தது" என்று ஒரு செய்தியாவது போடுங்கள். உத்தரவு இன்னும் வராதவர்கள், மாதத்தின் எத்தனையாம் தேதிக்குள் எந்தக் கணக்கில் போட வேண்டும் என்பதை உத்தரவிலேயே எழுதச் சொல்லிக் கேளுங்கள். கேட்டால் பெரும்பாலும் எழுதுகிறார்கள்.

மகளின் அப்பா ஊர் மாறிப் போய்விட்டார் என்பது நிறைய பேருக்கு வரும் சிக்கல். அவர் எங்கே இருக்கிறாரோ அந்த ஊர் நீதிமன்றத்திலும் உத்தரவை நிறைவேற்றக் கேட்கலாம், பழைய சட்டத்தில் 128, புதியதில் 147. வழக்கை முதலிலிருந்து நடத்த வேண்டியதில்லை.

வாரண்ட் போட்ட பிறகு நடப்பதைப் பற்றி யாரும் விவரமாக எழுதுவதில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். சட்டப்படி முதலில் போடுவது அபராதத்தை வசூலிப்பது போன்ற வாரண்ட். அசையும் பொருளை ஜப்தி செய்யலாம், அல்லது நில வரி பாக்கியை வசூலிப்பது போல வசூலித்துத் தரும்படி கலெக்டருக்கே அனுப்பலாம், அப்படி அனுப்பினால் நிலம், வீடு வரை போகலாம். அதற்குப் பிறகும் பாக்கி நின்றால்தான் சிறை, அதுவும் ஒரு மாதம் வரை அல்லது பணம் கட்டும் வரை. தாளில் இது ஒழுங்காக இருக்கிறது. நடைமுறையில் வாரண்ட் காவல் நிலையத்துக்குப் போகும். அங்கே கொலை, திருட்டு, பந்தோபஸ்து என்று ஆயிரம் வேலை. "சொன்ன முகவரியில் ஆள் இல்லை" என்று எழுதித் திரும்பி வரும். அடுத்த வாய்தா. மறுபடி வாரண்ட். நான் ஒருமுறை நேரில் போய்க் கேட்டபோது ஸ்டேஷனில் இருந்த ஏட்டையா கோபப்படாமல்தான் பதில் சொன்னார்: "அம்மா, அவர் வீட்டுல இருக்கிற நேரத்தை நீங்க சொல்லுங்க, நான் போறேன்." அவரைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள், நீதிமன்றம் பிறப்பித்த வாரண்டை நிறைவேற்ற, வேலைக்கும் போய்ப் பிள்ளையையும் பார்த்துக்கொள்கிற ஒரு பெண், தன்னைவிட்டுப் போன ஆள் எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருகிறார் என்று உளவு பார்க்க வேண்டும்.

வாரண்ட் நெருங்குகிறது என்று தெரிந்ததும் நடப்பது இன்னொன்று. வாய்தா நாளன்று அவர் வக்கீலோடு வந்து நிற்பார், நிலுவையில் ஒரு பகுதியைக் கட்டுவார், மீதிக்கு அவகாசம் கேட்பார். நீதிபதிக்கும் வேறு வழியில்லை, ஏதோ கட்டுகிறாரே என்று தேதி கொடுத்து வாரண்டைத் திரும்பப் பெறுவார். அடுத்த தேதிக்குள் புது நிலுவை சேர்ந்திருக்கும். இப்படியே வருடக்கணக்கில் ஓட்டலாம், ஓட்டுகிறார்கள். அவர் நீதிமன்றத்துக்கு வராததால் ஒருதலையாகப் போட்ட எக்ஸ்பார்ட்டி உத்தரவாக இருந்தால் அதை ரத்து செய்யச் சொல்லி மனு, பிறகு உயர் நீதிமன்றத்தில் சீராய்வு மனு, அதில் இடைக்காலத் தடை. தடை கேட்டால் நிலுவையில் ஒரு பகுதியையாவது கட்டச் சொல்லி நிபந்தனை போடும்படி நம் தரப்பில் கேட்க வேண்டும். கேட்காமல் விட்டால் தடை மட்டும் நிற்கும்.

இப்படி இழுத்துக்கொண்டிருந்த ஒரு கட்டத்தில்தான் என் வக்கீல் அம்மா என்னை உட்கார வைத்துக் கேட்டார். "உள்ள வைக்கணுமா, மாசா மாசம் பணம் வரணுமா? ரெண்டுக்கும் வேற வேற மனு. எதுன்னு யோசிச்சுட்டு வாங்கம்மா."

அதற்கு முன்னால் சித்தி ஒருத்தி வீட்டுக்கு வந்து அழுதுவிட்டுப் போயிருந்தார், "புள்ளையோட அப்பனை ஜெயிலுக்கு அனுப்பப் போறியாடி" என்று. மகளும் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டிருக்கிறாள். ராத்திரி என்னிடம், "அப்பாவைப் போலீஸ் பிடிக்குமா?" என்றாள். நான் பொய் சொல்லவில்லை. "அப்பா தர வேண்டியதைத் தந்துட்டா பிடிக்க மாட்டாங்க" என்றேன்.

சிறை பற்றி என் கருத்து இது. அது இருக்க வேண்டும். வேறு எதற்கும் அசையாதவர்கள் அதற்கு மட்டும்தான் அசைகிறார்கள். சிறைக்குப் போய் வந்துவிட்டால் கடன் கழிந்துவிட்டது என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு, அது தவறு. பணத்தைக் கட்ட வைப்பதற்கான வழிதான் சிறை, சிறையில் இருந்ததால் பணம் கட்டியதாக ஆகாது என்று 1988-லேயே உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆனால் மாதச் சம்பளம் வாங்குகிற ஒருவரை ஒரு மாதம் உள்ளே வைத்தால் அவர் வேலை போகும், அதோடு என் மகளின் அடுத்த மாதப் பணமும் போகும். அது மட்டுமில்லை, சிவில் முறையில் சிறைக்கு அனுப்பக் கேட்டால் அவருடைய சாப்பாட்டுப் படியை மனுப் போட்டவரே கட்ட வேண்டும் என்பது உரிமையியல் (சிவில்) நடைமுறைச் சட்டத்தின் விதி. பிள்ளைக்குச் சாப்பாட்டுப் பணம் கேட்டுப் போன தாய், அப்பாவின் சிறைச் சாப்பாட்டுக்குப் பணம் கட்ட வேண்டும். இதைப் படித்த அன்று எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

அதனால் சம்பளக்காரர் என்றால் முதலில் சம்பளப் பிடித்தத்தைக் கேளுங்கள். இந்தப் பதிவில் ஒன்றே ஒன்றைத்தான் நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும்.

2020 நவம்பர் 4 அன்று உச்ச நீதிமன்றம் ரஜ்னேஷ் எதிர் நேஹா என்ற வழக்கில் நாடு முழுவதற்குமான வழிமுறைகளைக் கொடுத்தது. ஜீவனாம்ச உத்தரவை, சிவில் நீதிமன்றத்தின் பணத் தீர்ப்பாணையைப் போலவே நிறைவேற்றலாம் என்று அதில் சொல்லியிருக்கிறது: ஜப்தி, சிவில் சிறை, சம்பளப் பிடித்தம் எல்லாம் அதில் வரும். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-வது பிரிவு, சாதாரணக் கடனுக்குச் சம்பளத்தில் கை வைக்க நிறையக் கட்டுப்பாடு போடுகிறது, முதல் ஆயிரம் ரூபாயையும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் தொட முடியாது. ஜீவனாம்சத்துக்கு மட்டும் அதைத் தலைகீழாக வைத்திருக்கிறது. சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்குத்தான் பாதுகாப்பு, மூன்றில் இரண்டு பங்கு வரை பிடிக்கலாம். வங்கிக் கடனைவிடப் பிள்ளையின் சாப்பாடு முக்கியம் என்று அந்தப் பழைய சட்டத்தை எழுதியவர்களுக்கே தெரிந்திருக்கிறது.

எப்படி நடக்கும் என்றால், நிறைவேற்று மனுவில் அவருடைய நிறுவனத்தின் பெயரையும் முகவரியையும் கொடுக்க வேண்டும். நீதிமன்றம் அந்த நிறுவனத்துக்கு உத்தரவு அனுப்பும். அரசு ஊழியர் என்றால் சம்பளம் வழங்கும் அதிகாரிக்குப் போகும். மாதாமாதம் பிடித்து நீதிமன்றத்துக்கு அனுப்ப வேண்டும். குடும்ப வன்முறைச் சட்டத்தில் உத்தரவு வாங்கியவர்களுக்கு அந்தச் சட்டத்தின் 20(6) பிரிவிலேயே, முதலாளி நேரடியாகப் பெண்ணுக்குக் கொடுக்கும்படியோ நீதிமன்றத்தில் கட்டும்படியோ உத்தரவிடலாம் என்று இருக்கிறது.

எங்கள் விஷயத்தில் உத்தரவு போன பிறகு அந்தத் தனியார் நிறுவனத்தின் எச்.ஆர். பிரிவிலிருந்து பதிலே இல்லை. நான் போன் செய்தபோது, "மேடம், இது உங்க ஃபேமிலி மேட்டர், கம்பெனி இதுல தலையிட முடியாது" என்றார்கள். வக்கீல் அம்மா ஒரு கடிதம் அனுப்பினார். அதில் பெரிதாக ஒன்றும் இல்லை, அதே உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் ஆணை 21-ன் 48ஏ விதியை எடுத்து எழுதியிருந்தார்: நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகும் பிடிக்காமல் முழுச் சம்பளத்தையும் கொடுத்தால், அந்தத் தொகைக்கு நிறுவனமே பொறுப்பு. அடுத்த சம்பளத்திலிருந்து பிடித்தம் ஆரம்பித்தது. மகளுடைய ஃபீஸை அந்த முறைதான் முதன்முதலாகக் கடன் வாங்காமல் கட்டினேன்.

அப்புறம் அவர் வேலையை விட்டார். இதுவும் நடக்கும், தயாராக இருங்கள். பிடித்தம் ஆரம்பித்த சில மாதத்தில் ராஜினாமா, "எனக்கு இப்போது வருமானமே இல்லை" என்று ஒரு பிரமாணப் பத்திரம். புது வேலை எங்கே என்பதை அவரே லிங்க்ட்இனில் போட்டிருந்தார். அதை அச்செடுத்துக் கொடுத்தோம். புது நிறுவனத்துக்கு மறுபடி முதலிலிருந்து உத்தரவு வாங்க வேண்டியிருந்தது. உத்தரவு ஆளைத் தொடர்ந்து தானாகப் போகாது, நாம்தான் கொண்டுபோக வேண்டும்.

சொந்தத் தொழில், கமிஷன் வேலை, ரொக்க வருமானம் என்றால் இன்னும் கஷ்டம். அங்கே கைகொடுப்பது சொத்து விவரப் பிரமாணப் பத்திரம். அதே 2020 தீர்ப்பில் இரண்டு தரப்பும் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் குறிப்பிட்ட படிவத்தில் சத்தியப்பிரமாணமாகக் கொடுக்க வேண்டும் என்று கட்டாயமாக்கியிருக்கிறார்கள். எதிர்த்தரப்பு அதிகபட்சம் நான்கு வாரத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். மகளின் அப்பா கொடுத்ததில் அவர் சொன்ன மாதச் சம்பளத்தைவிட அவருடைய காருக்கான இ.எம்.ஐ. அதிகமாக இருந்தது. அந்த ஒரு வரியை நீதிபதி இரண்டு முறை படித்தார். ஆகவே அந்தப் பத்திரத்தைச் சடங்காக நினைத்து விட்டுவிடாதீர்கள், வரிவரியாகப் படியுங்கள், முரண்பாட்டை எழுதிக் கொடுங்கள். நிறைவேற்று மனுக் கட்டத்தில் ஆணை 21 விதி 41-ன் கீழ் சொத்து விவரம் கேட்டு மனுப் போடலாம், உத்தரவை மீறினால் மூன்று மாதம் வரை சிவில் சிறை உண்டு. "உடம்பு நன்றாக இருக்கிற ஒருவர், உடல் உழைப்பு செய்தாவது மனைவியையும் பிள்ளையையும் காப்பாற்ற வேண்டும்" என்ற கருத்தை 2022-ல் உச்ச நீதிமன்றம் மறுபடி உறுதிப்படுத்தியிருக்கிறது. வேலை இல்லை என்பது தானாகவே தப்பிக்கும் வழி ஆகாது.

உண்மையாகவே வேலை போன அப்பாக்களும் இருக்கிறார்கள். உடம்பு முடியாமல் போனவர்கள் இருக்கிறார்கள். அவர்களை நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். சட்டமும் "போதிய காரணம் இல்லாமல்" கொடுக்கத் தவறினால் என்றுதான் சொல்கிறது. அப்படி ஒரு நிலைமை வந்தால் தொகையைக் குறைக்கச் சொல்லி மனுப் போடலாம், அதற்குத் தனிப் பிரிவே இருக்கிறது, பழைய 127, புதிய 146. மனுப் போட்டு நீதிமன்றம் குறைக்கும் வரை பழைய தொகைதான் கணக்கு. சொல்லாமல் கொள்ளாமல் நிறுத்திவிட்டு, போனை எடுக்காமல் இருந்துவிட்டு, வாரண்ட் வரும்போது கஷ்டத்தைச் சொல்வதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. பிள்ளைக்குப் பசி அந்த மாதமும் அதே நேரத்துக்குத்தான் வருகிறது.

இன்னொரு வாதம் எல்லா வழக்கிலும் வரும். "பிறந்தநாளுக்கு சைக்கிள் வாங்கிக் கொடுத்தேன், தீபாவளிக்கு டிரஸ் எடுத்தேன், அதைக் கழிச்சுக்கோங்க." கொடுக்கட்டும், மகள் சந்தோஷப்படுவாள், நானும் தடுத்ததில்லை. ஆனால் அவர் விருப்பப்பட்டுக் கொடுப்பது வேறு, நீதிமன்றம் கொடுக்கச் சொன்னது வேறு. சைக்கிள் பில்லைக் காட்டி மூன்று மாத அரிசி, பால், வாடகை, ஆட்டோ, டியூஷன், மருந்தைக் கழிக்க முடியாது. ஃபீஸை நேரடியாகப் பள்ளிக்குக் கட்டிவிடுகிறேன் என்று ஏற்பாடு செய்துகொள்ள விரும்பினால் அதையும் நீதிமன்றத்தில் ஒரு மெமோவாகப் பதிவு செய்துவிட்டால் இரண்டு பேருக்கும் நல்லது.

பணம் வராத கோபத்தில் "பிள்ளையைக் காட்ட மாட்டேன்" என்று நிறுத்திவிடத் தோன்றும். எனக்கும் தோன்றியிருக்கிறது. செய்யாதீர்கள். சட்டப்படி பார்த்தால் பிள்ளையைப் பார்க்கும் உரிமையும் ஜீவனாம்சமும் தனித்தனி விஷயங்கள், ஒன்றை வைத்து இன்னொன்றை நிறுத்த முடியாது. அவர் தரப்பில் "பார்க்க விடவில்லை, அதனால் கட்டவில்லை" என்று சொல்வதற்கும் இதே பதில்தான். அதைவிட முக்கியம், மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு போய்வருவது என் மகளுக்குப் பிடித்திருக்கிறது. அந்த ஞாயிற்றுக்கிழமை அவளுடையது. அதை நான் நிலுவைக்கு ஈடாக வைக்க மாட்டேன். வீட்டில் பணத்தைப் பற்றி அவள் முன்னால் பேசுவதையும் முடிந்தவரை நிறுத்திவிட்டேன், கேட்டால் மட்டும் உண்மையைச் சொல்கிறேன்.

செலவு பற்றி ஒரு வார்த்தை. வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லை என்று நிலுவை மனுவே போடாமல் இருக்கிற பெண்களை அந்த வராந்தாவில் நிறையப் பார்த்தேன். 1987-ம் வருட சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-வது பிரிவுப்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இலவச வக்கீல் உண்டு, வருமான வரம்பு கிடையாது. நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும், 15100 என்ற எண்ணுக்கும் கூப்பிடலாம். குடும்ப நீதிமன்றத்தில் வக்கீல் இல்லாமல் நீங்களே மனுவைக் கொடுத்து வாதாடவும் முடியும். வழக்குக்கென்று தரப்படும் தனி அடையாள எண்ணான சி.என்.ஆர். எண்ணை வாங்கி வைத்துக்கொண்டால் வாய்தா தேதியையும் அன்று என்ன நடந்தது என்பதையும் ஈகோர்ட்ஸ் செயலியில் பார்த்துக்கொள்ளலாம், அதற்காக ஒரு நாள் சம்பளத்தை இழக்க வேண்டியதில்லை.

எனக்கு இருக்கிற பெரிய ஆதங்கம், இதெல்லாம் ஏன் ஒவ்வொரு தாயும் தனியாகச் செய்ய வேண்டும் என்பதுதான். அமெரிக்காவில் பிள்ளைக்கான பணத்தைப் பொதுவாக முதலிலிருந்தே சம்பளத்தில் பிடித்துவிடுகிறார்கள், வசூலிப்பதற்கென்று ஒவ்வொரு மாநிலத்திலும் அரசு அமைப்பு இருக்கிறது, நிலுவை 2,500 டாலரைத் தாண்டினால் பாஸ்போர்ட்டே கிடைக்காது. பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் இதற்கென்று அரசுத் துறை உண்டு. அங்கும் ஏமாற்றுகிறவர்கள் இருப்பார்கள், ஆனால் துரத்துகிற வேலை அரசாங்கத்துடையது. நம் ஊரில் வருமான வரியைச் சம்பளம் கைக்கு வருவதற்கு முன்பே பிடிக்கத் தெரிகிறது, பி.எஃப். பிடிக்கத் தெரிகிறது. குடும்ப நீதிமன்றம் ஜீவனாம்ச உத்தரவு போடுகிற அன்றே, அதே உத்தரவில், சம்பளக்காரர் என்றால் நிறுவனத்துக்கு ஒரு பிரதி போகட்டும் என்று ஒரு வரி சேர்க்க என்ன தடை? பணம் நின்ற பிறகு, தனி மனு, தனி நம்பர், தனி சம்மன் என்று ஏன்? சிவில் சட்டத்தில் வழி இருக்கிறது, உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறது. நாம் கேட்டால்தான் வருகிறது. எனவே உத்தரவு வரப்போகிற நிலையில் இருப்பவர்கள் இப்போதே, கடைசி வாதத்திலேயே, அந்த வரியைக் கேளுங்கள்.

தொகையும் காலத்தோடு உயர வேண்டும். இரண்டாம் வகுப்பில் போட்ட உத்தரவை வைத்துக்கொண்டு ஒன்பதாம் வகுப்பை ஓட்ட முடியாது. அதே 146-வது பிரிவில் உயர்த்தக் கேட்டும் மனுப் போடலாம், ஃபீஸ் ரசீதுகளை வருடவாரியாக அடுக்கி வைத்துக்கொள்ளுங்கள். 144-வது பிரிவின் கீழ் பொதுவாக 18 வயது வரைதான். அதற்குப் பிறகும் மணமாகாத மகள், தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்ள முடியாத நிலையில் இருந்தால், 1956-ம் வருட இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டத்தின் 20-வது பிரிவில் அப்பாவிடம் கேட்கலாம். 18 வயது ஆகிவிட்டதால் பழைய நிலுவை தள்ளுபடி ஆகிவிடாது, சேர்ந்தது சேர்ந்ததுதான். தொகையை உயர்த்தக் கேட்ட எங்கள் மனு நீதிமன்றத்தில் பதிவாகி நம்பராகிவிட்டது, நோட்டீஸ் போயிருக்கிறது. கூடவே கடைசி ஏழு மாத நிலுவைக்கும் தனி மனு கொடுத்திருக்கிறேன், கெடுவுக்குள்.